ஆட்டுக்குப் பட்டா கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்கள் வெளிநாட்டுக்கும் வெளியூருக்கும் போய்விட்டதால் கிராமங்களில் விவசாயத்தைப் பெண்களே பார்க்கிறார்கள், வீட்டு முடிவுகளையும் அவர்களே எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே வரப்பில் நின்று செல்லில் பேசும் ஒரு பெண்ணின் படம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் ஏதோ உத்தரவு போடுகிறார் என்று நினைத்துப் போட்டிருப்பீர்கள். எனக்கென்னவோ அவர் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் பட்டது.

நான் திருவாடானை வட்டத்தைச் சேர்ந்தவள். 41 வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். கல்யாணமாகி ஐந்தாம் வருஷம், 2009-இல், என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார். கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அறுபது நாள் லீவில் வருவார். இந்தப் பதினாறு வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஒன்றரை வருஷம்கூடத் தேறாது.

அவர் பேரில் இரண்டு ஏக்கர் நிலம். அவரும் கொழுந்தனாரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவில் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட். இது போக, குடும்பத்தோடு மலேசியா போய்விட்ட ஒருவருடைய ஒரு ஏக்கரை நான் குத்தகைக்குப் பார்க்கிறேன். எல்லாம் கண்மாய்ப் பாசனம். பக்கத்து இராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மூன்றே மடை, நாரை தாராளமாகப் பறக்கும். ஆவணியில் புழுதியாக விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துக் காத்திருப்போம். தை, மாசியில் அறுப்பு.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். பெரிய முடிவு, சின்ன முடிவு என்று நீங்கள் பிரித்திருந்தீர்கள். எங்கள் வீட்டில் கணக்கு வேறு. போன் வரும்வரை பொறுக்கும் என்றால் அது அவர் முடிவு. பொறுக்காது என்றால் என் முடிவு. ராத்திரி ஒரு மணிக்கு மடைத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்தால் எந்த வயலுக்கு முதலில் திருப்புவது, குருத்துப்பூச்சி விழுந்தால் இன்றைக்கே மருந்தா இரண்டு நாள் பார்க்கலாமா, களையெடுக்க வந்த ஆட்கள் கூலியில் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டு வாசலில் நின்றால் என்ன சொல்வது, பையனுக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டர். இதெல்லாம் நான். நிலத்தில் போர் போடுவது, நெல்லை யாருக்கு விற்பது, நகையை வைப்பது, மீட்பது, மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் பொறுக்கும். அதனால் அவர்.

இதில் ஒரு வேடிக்கை. குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவருக்கு விடிகாலை நாலு மணிக்கு வேலைக்கு வண்டி வந்துவிடும். சாதாரண நாளில் ராத்திரி மட்டும்தான் பேச நேரம். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம். அந்த மூன்று மாதமும் மத்தியானம் சாவகாசமாகச் செல்லில் இமோ ஆப் வழியாகப் பேச வருவார். எங்களுக்கு அதுதான் கோடை உழவு, விதை வாங்குகிற, உரம் சேர்க்கிற காலம். ஆக, எந்த ரகம் விதைப்பது என்பது அவர் முடிவு. செப்டம்பர் வந்துவிட்டால் மத்தியானப் பேச்சு நின்றுவிடும். அப்புறம் பயிர் என் பொறுப்பு. எங்கள் வீட்டில் யார் முடிவெடுக்கிறார் என்பதைக் குவைத்து வெயில்தான் நிர்ணயிக்கிறது என்று மகளிடம் சொன்னேன். அவள் தேவகோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். "இதை ஒரு கட்டுரையா எழுதும்மா" என்றாள். கட்டுரை எனக்கு வராது. கடிதம் எழுதுகிறேன்.

பொறுக்கும், பொறுக்காது என்ற இந்தக் கோடு ஒரு தடவை இடம் மாறியது. அதைச் சொல்ல வேண்டும்.

2021 ஜனவரி. கொரோனாவால் அவர் லீவுக்கு வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். கதிர் முற்றிச் சாய்ந்து நின்றது. மார்கழிக் கடைசியிலேயே வானம் மூட்டம். பெல்ட் வைத்த அறுப்பு வண்டிக்கு மணிக்கு 2,600 கேட்டார்கள், டயர் வண்டிக்கு 1,800. வயலில் ஈரம் இருந்தால் டயர் வண்டி இறங்காது. நான் பெல்ட் வண்டியை விட்டு அறுத்துவிடலாம் என்றேன். அவர் சொன்னார்: "நாலு நாள் வெயில் அடிச்சா தரை காஞ்சிரும், டயர் வண்டிக்குச் சொல்லிவச்சிருக்கேன், பொறு." கொழுந்தனாரும் அதையே சொன்னார். அதுவரை அறுப்பு எப்போது என்பது பொறுக்கும் விஷயமாகத்தான் இருந்தது. பொறுத்தேன். பொங்கலை ஒட்டிப் பெய்தது பாருங்கள் மழை, காலம் தப்பிய மழை. நெல் தாளிலேயே முளைத்தது. நின்ற வயலில் பச்சையாக முளை விட்டதை வீடியோவில் காட்டினேன். அவர் பேசவே இல்லை. போனைக் கட்டிலில் வைத்துவிட்டார் போலிருக்கிறது, மேலே சுற்றும் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

அடுத்த வருஷத்திலிருந்து அறுப்பு என் முடிவு. அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் இந்த ஒரு முடிவு என் கைக்கு வர ஒரு போகம் முழுக்கப் போக வேண்டியிருந்தது.

அந்த வருஷ நிவாரணக் கதையும் இருக்கிறது. பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். எங்கள் இரண்டு ஏக்கருக்குப் பதினாறாயிரம் சொச்சம் வர வேண்டும். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தானே போகும்? அவருடைய ஊர்க் கணக்கு வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடந்தது. அதை உயிர்ப்பிக்க அவரே நேரில் வர வேண்டும் என்றார்கள். முளைத்த நெல்லை அரித்து, காயவைத்து, ஆட்டுக்கும் கோழிக்கும் போட்டவள் நான். பணம் வந்து கிடந்தது அவர் கணக்கில். அவரும் எடுக்க முடியாது, நானும் எடுக்க முடியாது. மறு வருஷம் லீவில் வந்து எடுத்தார்.

போர் விஷயம் இதைவிடக் கசப்பு. 2018-இல் கூட வேலை பார்க்கும் யாரோ சொன்னதைக் கேட்டு, போர் போட்டால் இரண்டாம் போகம் எடுக்கலாம் என்று முடிவு பண்ணிவிட்டார். பக்கத்து வயல் போரில் உப்புத் தண்ணீர் வந்ததை நான் வாயில் ஊற்றிப் பார்த்தவள். பண்ணைக்குட்டை வெட்டுவோம், மழைத் தண்ணீர் நிற்கும் என்று சொன்னேன். "குட்டை வெட்டினா பத்து சென்ட் நிலம் போயிருமே" என்றார். தப்பான பேச்சு இல்லை. இரண்டு ஏக்கர்காரனுக்குப் பத்து சென்ட் பெரிசுதான். 240 அடி போட்டோம். ஒரு லட்சத்து முப்பதாயிரம். தண்ணீர் வந்தது, கடல் மாதிரி. இன்றைக்கு அந்தக் குழாயின் வாயில் கல்லை வைத்து மூடியிருக்கிறது. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "புருஷன் வெயில்ல கம்பி கட்டி அனுப்புற காச இவ மண்ணுக்குள்ள போட்டுட்டா." முடிவு அவருடையது, பேச்சு எனக்கு.

இவ்வளவு எழுதினால் அவரை ஏதோ அதிகாரம் பண்ணுகிறவர் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி இல்லை. ஒரு அறையில் எட்டுப் பேர், இரண்டு அடுக்குக் கட்டில். சாப்பாட்டுக்கு முறை, குளிக்க முறை. வேலையிடத்தில் ஃபோர்மேன் சொன்ன கம்பியைச் சொன்ன இடத்தில் கட்டுவதுதான் வேலை. நாள் முழுக்க யாரோ சொன்னதைச் செய்துவிட்டு வருகிற ஆளுக்கு, ராத்திரி அரை மணி நேரம் இந்த இரண்டு ஏக்கரைப் பற்றிப் பேசுவதுதான் சொந்தப் பேச்சு. "மேல வயல்ல தண்ணி நிக்குதா? வரப்பு வெட்டுனியா? வேலியோரம் அந்த வேப்பங்கன்று இருக்கா?" என்று கேட்பார். வேப்பங்கன்று மரமாகி ஐந்து வருஷம் ஆகிறது. அவருக்கு இன்னும் கன்றுதான். அந்தப் பேச்சையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வராது. பல நாள் நான் செய்து முடித்துவிட்ட வேலையை, செய்யலாமா என்று கேட்பேன். அவர் யோசித்து, செய் என்பார். சரி என்பேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுகிறோம். உங்கள் நிருபர் வந்து கேட்டிருந்தால் "அவுககிட்ட கேட்டுத்தான் செய்வோம்" என்றே சொல்லியிருப்போம். அதுவும் பொய் இல்லை.

எங்கள் தெரு என்றேன். எல்லா வீடும் ஒரே மாதிரி என்று எழுதியிருந்தீர்கள், அதுவும் சரியில்லை. தனிக்குடித்தனமாக இருக்கும் நான் இவ்வளவாவது பேசுகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணின் வீட்டுக்காரர் துபாயில். பணம் மாமியார் கணக்குக்கு வருகிறது. ஆள் விடுவதும் கூலி கொடுப்பதும் மாமியார். இவள், வயலில் வேலை பார்க்கும் ஆட்களில் ஒருத்தி, அவ்வளவுதான், கூலி இல்லாத ஆள். செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணக்கூட அத்தையிடம் கேட்க வேண்டும். புருஷன் ஊரில் இருந்திருந்தால் ராத்திரியில் ஒரு வார்த்தை அவர் காதில் போட்டிருப்பாள், அதுவும் போயிற்று. மூன்றாவது வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மாதம் ஒரு சனி, ஞாயிறு வருவார். அந்த வீட்டில் எல்லா முடிவும் மாதக் கடைசி வரை காத்திருக்கும். இரண்டு நாளில் கல்யாண மொய், டிராக்டர் வாடகை, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் பேசி முடித்து, சண்டையும் போட்டுவிட்டு, ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவார். கடைசி வீட்டில் இருந்தவள் தனியாக முடியாது என்று நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டாள். நாலே வருஷம், சீமைக் கருவேலம் காடாக நிற்கிறது. மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள் வந்து விலை பேசுகிறார்கள். அதில் கொடுமை என்னவென்றால், நெல் விளைந்தபோது அந்த வயலில் அவளுக்குக் கிடைக்காத ரொக்கம் இப்போது கரியில் கிடைக்கிறது.

அடுத்தது ஓடிபி. இதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன், பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க ஊர் ஊராக முகாம் போட்டார்கள். இனிமேல் திட்டம், மானியம் என்று எது வாங்கப் போனாலும் அந்த எண் வேண்டும் என்றார்கள். பட்டா, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். பட்டாவில் உள்ளவருடைய ஆதார் எண்ணைத் தட்டினார்கள். ஆதாரோடு சேர்த்த செல் நம்பருக்கு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றார்கள். அது அவர் பழைய சிம். ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ செத்துப்போன நம்பர். சரி, அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது என்று போட்டுப் பார்த்தேன். சேலத்தில் ஒரு பையன் எடுத்தான். "தம்பி, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதக் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்றேன். என் பிழைப்பைப் பார்த்தீர்களா! "உங்களை மாதிரி ஆளுங்களப் பத்தித்தான் டிவில போடுறாங்க" என்று வைத்துவிட்டான். அவன் செய்தது சரிதான். நான் அவன் அம்மாவாக இருந்தால் மெச்சியிருப்பேன்.

அப்போது நம்பரை மாற்ற அவர் ஆதார் மையத்துக்கு வந்து கைரேகை வைக்க வேண்டியிருந்தது. கைரேகை குவைத்தில் இருந்தது. முகாமில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளை நல்ல பிள்ளை. "அக்கா, நிலத்துல யாரு வெள்ளாமை பண்றது?" என்று கேட்டது. "நான்தான்" என்றேன். "உங்க பேர்ல ஏதாச்சும் பட்டா இருக்கா?" என்றது. இல்லை. அது என்ன செய்யும், பாவம். கம்ப்யூட்டரில் என்னைப் போட இடமில்லை.

மகள் செல்லில் தேடி ஒன்று காட்டினாள். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கச் சாகுபடி நிலக் கைப்பற்றுகளில், அதாவது ஒருவர் பேரில் நடக்கும் சாகுபடிகளில், பெண்கள் பேரில் இருப்பது நூற்றுக்குப் பதினான்கு. ஆண்கள் வெளியே போவதால் விவசாயம் பெண்கள் கைக்கு வருகிறது என்று மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையே எழுதியிருக்கிறதாம். கைக்கு வந்தது, காகிதத்துக்கு வரவில்லை. எங்கள் ஊர் வயலில் இறங்கி எண்ணினால் நூற்றுக்கு எழுபதாவது தேறும்.

காகிதம் இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ரூபாயில் சொல்கிறேன். 2024-25 போகத்துக்குக் கோ 51 என்ற குறுகிய நாள் நெல் போட்டிருந்தேன். ரகம் அவர் முடிவு என்றேன் அல்லவா? அவர் சொன்னது பிபிடி, நூற்று நாற்பது நாள் ரகம். கண்மாயில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குத்தான் தெரியும். நூற்று நாற்பது நாளெல்லாம் நிற்காது. விதைக் கடையில் பிபிடி தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். கடவுள் மன்னிப்பார். விளைந்தது. அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் அந்தப் பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் கொடுத்தார்கள். அங்கே போட சிட்டா, எந்த வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், ஆதார், பாஸ்புக் வேண்டும். எல்லாம் அவர் பேரில். பணம் அவர் கணக்குக்கு. ஆள் நேரில் வரணும் என்று அலைக்கழித்தார்கள். கொழுந்தனார் பேரில் போடலாம் என்றால் அவருக்கு அவர் நெல்லே இருக்கிறது, அப்புறம் அந்தப் பணத்தை நான் அவரிடம் போய் நின்று வாங்க வேண்டும். களத்துக்கு வந்த வியாபாரிக்கு 1,900-க்குப் போட்டேன். குவிண்டாலுக்கு 550 போயிற்று. முப்பது குவிண்டாலுக்கு 16,500. அதில் ஒரு செமஸ்டர் ஃபீஸும் பஸ் பாஸும் அடங்கும்.

குத்தகை ஏக்கருக்குப் பயிர்க் காப்பீடு போட முடியவில்லை. சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் நூற்றுக்கு ஒன்றரைதான், கட்ட நான் தயார். ஆனால் அடங்கல் வாங்க நிலக்காரர் கடிதம் வேண்டும் என்றார்கள். அவர் மலேசியாவில் இருக்கிறார், அவரிடம் எழுத்தில் கேட்டால் நிலத்தை எழுதிக்கொள்ளப் பார்க்கிறாள் என்று பயப்படுவார். வாய்வார்த்தையில் ஓடுகிற குத்தகை. விட்டுவிட்டேன்.

கண்மாய்க் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மடை திறக்கிற முறை, நீர்பாய்ச்சிக்குக் கூலி, கரைக்கு வரி, எல்லாம் பிள்ளையார் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். ஏக்கருக்கு 500 ரூபாய் வரி, என்னிடமும் சரியாக வாங்கிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் கரைக்காவலுக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும். ஆள் இல்லாத வீடு முறைக்கு 400 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு தடவை, "பணம் எதுக்கு, நானே காவலுக்கு வாரேன்" என்றேன். ஒரு பெரியவர், "ஏத்தா, நீ வந்தா நாங்க எப்படித்தா அங்க கால நீட்டிப் படுத்திருக்கிறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பணம் கட்டிவிட்டு வந்தேன். அப்புறம் 2024 நவம்பர் 20 வந்தது. இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த நாள். எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை, ஆனாலும் கரை தாங்குமா என்ற பயம். அன்றைக்கு ராத்திரி மணல் மூட்டையோடு கரையில் நின்ற இருபத்து மூன்று பேரில் பதினான்கு பேர் பெண்கள். எண்ணினேன். யாரும் கால் நீட்டிப் படுக்கவில்லை. வருகிற கூட்டத்தில் அந்த 400 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

லீவு வருகிற அறுபது நாளைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய பரீட்சை. முதல் பத்து நாள் அவர் விருந்தாளி. பதினோராம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்கு இறங்குவார். நான் இரண்டு வருஷமாகப் பழக்கி வைத்த டிராக்டர்காரரிடம் அவர் வாடகை பேசுவார், பேசி இருநூறு ரூபாய் கூட்டிவிட்டு வருவார். உரக்கடைக்காரர், தினமும் கணக்கு வைத்திருக்கிறவர், அந்த அறுபது நாளும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். "வாங்கண்ணே, என்ன வேணும்ண்ணே" என்று அவரையே பார்ப்பார். இவர் திரும்பி, "என்ன வேணும்?" என்று என்னைக் கேட்பார். நான் அவரிடம் சொல்ல, அவர் கடைக்காரரிடம் சொல்ல, மூட்டை வரும். விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு அழுவேன், நிஜமாகத்தான் அழுவேன். மறுநாள் காலையில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகும்போது முதுகு கொஞ்சம் நிமிரும். இரண்டும் உண்மை.

இவ்வளவுக்கும் நடுவில் முழுக்க முழுக்க என் முடிவு என்று ஒன்று இருக்கிறது: ஆடுகள். 2019-இல் மகளிர் குழுக் கடனில் நாலு பெட்டை வாங்கினேன். இன்றைக்குக் குட்டியோடு சேர்த்துப் பத்தொன்பது. மூன்றை வீட்டில் கட்டியிருக்கிறேன், மிச்சத்தை அம்மா ஊரிலும் பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவரிடமும் வாரத்துக்கு விட்டிருக்கிறேன், குட்டியில் பாதி அவர்களுக்கு. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் இரண்டு மூன்று கிடாய் போகும். மகளின் இரண்டாம் வருஷ ஃபீஸ் ஆடு கட்டியதுதான். அவளுக்கு இப்போதே மாப்பிள்ளை பார்க்கலாம் என்று கொழுந்தனார் குவைத்துக்குப் போன் போட்டபோது, "ஃபீஸ் கட்டியாச்சு, படிச்சு முடிக்கட்டும்" என்று என்னால் சொல்ல முடிந்தது. ஆட்டுக்குப் பட்டா கிடையாது. சிட்டா, அடங்கல் கிடையாது, ஓடிபி வராது, வாங்குகிறவர் களத்தில் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார். எங்கள் பக்கம் பெண்கள் ஏன் ஆடு வளர்க்கிறார்கள் என்று கால்நடைத் துறையில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நிலத்தை என் பேருக்கு எழுதிக் கொடு என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அது வேறு சண்டை, அவருக்கு இந்த ஊரில் மிஞ்சியிருப்பது அந்தப் பட்டா ஒன்றுதான். பெண்கள் பேரில் பத்து லட்சம் வரைக்கும் சொத்துப் பதிந்தால் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று குறைவு என்று 2025 ஏப்ரலிலிருந்து வந்திருக்கிறது, நல்ல காரியம்தான். எனக்கு உதவாது, நாங்கள் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பவர், அதாவது அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கு என்கிறார்கள். அதற்கு அவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அது இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் என்ற சொல்லைக் கேட்டதுமே கொழுந்தனார் முகம் மாறிவிடும். நெல் போடவும், காப்பீடு கட்டவும், நிவாரணம் வாங்கவும் இவ்வளவு பெரிய பத்திரம் எதற்கு? சாகுபடி பண்ணுகிறவள் இவள் என்று பட்டாக்காரர் ஒரு தடவை வீடியோவிலேயே சொன்னால் போதாதா? கிராம நிர்வாக அலுவலருக்கு என்னைத் தெரியும், எந்த வயலில் எத்தனை மணிக்கு நிற்பேன் என்பதுகூடத் தெரியும். அடங்கலில் பயிரை எழுதும்போது பக்கத்தில் பயிர் வைத்தவள் பெயரையும் எழுதட்டும். ஓடிபி என் செல்லுக்கு வரட்டும். கூட்டுறவுச் சங்கத்தில் அவர் உறுப்பினராக இருப்பதுபோல என்னையும் சேர்க்கட்டும். பயிர்க்கடனுக்கு அவர் கையெழுத்தைத் தேடிக் காத்திருந்த மூன்று மாதத்தில் நான் நகையை வைத்து உரம் வாங்கினேன். அதிகாரிகள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். இடம் போதாவிட்டால் போர் கதையை வெட்டிவிடுங்கள், ஓடிபியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விதைத்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் மழை இல்லை. எறும்பு விதையை இழுக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவாடானை வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பின்குறிப்பு: என் பெயரைப் போட வேண்டாம். அவர் உங்கள் பத்திரிகையைச் செல்லில் படிப்பவர். கம்பி கட்டுகிறவர், உப்புத் தண்ணீர் போர் என்று படித்ததுமே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார், அது வேறு. பிபிடி விதையும் பத்தொன்பது ஆடும் என்ன கணக்கு என்று ராத்திரி போனில் கேட்பார். அது பொறுக்கக்கூடிய விஷயம்தான், லீவில் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்கிறேன்.